மாலத்தீவு வேண்டாம், அவரவர் ஊரைக் காட்டுங்கள்

கடும் நோயின் வலியையும் அவதியையும் தணிக்கும் பாலியேட்டிவ் வார்டில் படுத்திருப்பவர்களுக்கு, தலையைத் திருப்பும் பக்கமெல்லாம் காட்சி விரியும் விஆர் (மெய்நிகர்) கண்ணாடி மாட்டி, நீலக்கடலையும் அருவியையும் காட்டும் வீடியோக்கள் அவ்வப்போது கண்ணில் படுகின்றன. கண்ணாடியை மனதார வரவேற்கிறேன். அதற்குள் ஓடும் மாலத்தீவுதான் வேண்டாம் என்கிறேன்.

ஜப்பானில் நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. புற்றுநோய் முற்றிய 20 பேரிடம் எங்கே போக ஆசை என்று கேட்டு, பூமியைப் படங்களால் சுற்றிக்காட்டும் கூகுள் எர்த்தின் விஆர் வடிவத்தில் அங்கே கூட்டிப்போனார்கள். வாழ்ந்த இடம், போக நினைத்துப் போகமுடியாத இடம், எதுவானாலும் சரி. முடிந்தபிறகு கேட்டால் வலி, அசதி, மூச்சுத்திணறல், பதற்றம் எல்லாம் குறைந்திருந்தன. சின்ன ஆய்வுதான், கண்ணாடி மாட்டாத இன்னொரு குழுவோடு ஒப்பிடவும் இல்லை. ஆனாலும் அவர்கள் முதலில் அந்தக் கேள்வியைக் கேட்டார்களே, அது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வலியை மறக்கடிக்க மட்டும் என்றால் எந்த உலகமும் போதும். அமெரிக்காவில் சியாட்டிலில் உளவியலாளர்கள் ஹன்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் 1990களிலேயே தீக்காயக்காரர்களை விஆர் உலகத்தில் இறக்கிவிட்டு, அந்த நேரத்தில் புண்ணுக்கு மருந்து போட வைத்தார்கள். வலியை உணரவும் கவனம் வேண்டும். கவனம் வேறெங்கோ போனால் வலி அடங்குகிறது. ஆனால் மாதக்கணக்கில் ஒரே விட்டத்தைப் பார்த்துக் கிடப்பவருக்கு வலி மட்டுமா பிரச்சினை? அவருக்குத் தன் வாசல் இல்லை, தன் தெரு இல்லை.

எங்கள் பெரியம்மா கடைசி மாதங்களில் மதுரையில் மகன் வீட்டில் இருந்தார். ஊர் வீட்டைப் பார்க்கணும் என்று ஒரே பிடிவாதம். தம்பி அங்கே போய் வீடியோ காலில் திண்ணையைக் காட்டினான், முற்றத்தைக் காட்டினான். "தொழுவத்துப் பக்கம் திருப்புடா" என்று சொல்லிக்கொண்டே பெரியம்மா தலையணையில் தன் தலையைத் திருப்பினார். போன் அவன் கையில் அல்லவா இருக்கிறது! அவன் காட்டியதுதான் தெரிந்தது. விஆரில் நோயாளி தலையைத் திருப்பினால் தொழுவம் வந்து நிற்கும். கை கால் எதுவும் தன் பேச்சைக் கேட்காத ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்.

நம்மிடம் ஒரு சிக்கல். தெருக்களைச் சுற்றிலும் படமெடுத்துக் காட்டும் கூகுள் ஸ்ட்ரீட் வியூ இந்தியாவில் 2022 ஜூலையில் தொடங்கியபோது சென்னை உட்பட 10 நகரங்களில்தான் வந்தது. பெரியம்மா ஊர்ச் சந்துக்குள் எந்த கேமரா கார் நுழையும்? யாராவது 360 டிகிரி கேமராவோடு போய்த்தான் எடுத்துவர வேண்டும். கல்யாண வீடியோ எடுப்பவர்கள், பயண வீடியோ போடும் பிள்ளைகள் நினைத்தால் ஒரு மத்தியான வேலை.

ஒன்றில் மட்டும் நான் கறார். மார்ஃபின் கிடைக்காமல் துடிப்பவருக்கு யாரும் கண்ணாடியை நீட்டக்கூடாது. உலகில் ஆண்டுக்கு 5 கோடியே 68 லட்சம் பேருக்கு பாலியேட்டிவ் சிகிச்சை தேவை, கிடைப்பது 14 சதவீதம் பேருக்குத்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் 2014இல் சட்டத்தைத் திருத்தி மார்ஃபினுக்கு வழிவிட்ட பிறகும் அதற்காக அலைகிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் வலி மருந்து, புண்ணுக்குக் கட்டு. தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் வீட்டுக்கே வந்து பாலியேட்டிவ் சிகிச்சையைத் தருகிறது. அப்படி வரும் நர்ஸின் பையில் அடுத்ததாக இந்தக் கண்ணாடியும் இருக்கட்டும்.

எடுக்கப்போகிறவர்களுக்கு: கேமராவைத் தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள். படம் நகர்ந்து உடம்பு நகராவிட்டால் குமட்டும். கீமோவும் மார்ஃபினும் ஏற்கெனவே குமட்டலைக் கொடுத்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தவர் கண் உயரத்தில் ஸ்டாண்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். கண்ணாடி அரைக்கிலோ கனக்கும், அதனால் ஒரு இடத்துக்கு ஐந்து நிமிடம் போதும். பின்னணி இசை சேர்க்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் குறுக்கே வந்தால் வரட்டும், வெட்டவேண்டாம்.