பாப் ரே: லிபரல் முதல்வர் அல்லர்

"கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் லிபரல் முதல்வராக இருந்து தோற்ற பிறகுதான் பாப் ரே முதன்முறையாக ஒட்டாவா அரசியலுக்குப் போனார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

அவர் தொடங்கியதே நாட்டின் தலைநகரான ஒட்டாவாவில்தான். 1978 இடைத்தேர்தலில் புதிய ஜனநாயகக் கட்சி உறுப்பினராகக் கூட்டாட்சி நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். 1979 டிசம்பரில் பிரதமர் ஜோ கிளார்க்கின் சிறுபான்மை அரசைக் கவிழ்த்த, வரவு செலவுத் திட்டத்தின் மீதான தீர்மானத்தைக் கொண்டுவந்தவரும் இவரே. அரசு 139க்கு 133 என்ற வாக்குகளில் வீழ்ந்தது. இப்படிப்பட்டவரையா ஒட்டாவாவுக்குப் புதியவர் என்கிறீர்கள்?

மாகாண அரசியலுக்கு வந்தது 1982இல், அதே புதிய ஜனநாயகக் கட்சியின் ஒன்ராறியோ தலைவராக. 1990 தேர்தலில் 130 இடங்களில் 74ஐ வென்று முதல்வரானார். அவர் தோற்கடித்தது டேவிட் பீட்டர்சனின் லிபரல் அரசைத்தான்! 1995இல் முற்போக்கு கன்சர்வேட்டிவ் கட்சியின் மைக் ஹாரிஸிடம் ஆட்சியை இழந்தார்.

லிபரல் அடையாளம் பின்னால் வந்தது. 2006இல் கூட்டாட்சி லிபரல் கட்சியின் தலைமைக்குப் போட்டியிட்டுத் தோற்றார்; 2008இல் டொராண்டோ மத்திய தொகுதியில் வென்றார். 2011 முதல் 2013 வரை இடைக்காலத் தலைவர். கட்சி மாறியதைக் குறை சொல்லுங்கள், அது நியாயமான விவாதம். ஆனால் அவர் முதல்வராக இருந்த காலத்து மாகாணக் கடனை லிபரல் கட்சியின் கணக்கில் எழுதாதீர்கள்.