பென்டிரைவ் கெட்டுப்போகல அண்ணாச்சி

அண்ணாச்சி, 32 ஜிபி பென்டிரைவ்ல உபுண்டு (விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டர ஓட்டுத இன்னொரு சிஸ்டம்) ஏத்திட்டா அப்புறம் விண்டோஸ்ல சில எம்பிதான் காட்டும், மிச்ச இடம் ஒரேயடியா போயிரும்னு மேல சொல்லியிருக்கிய. அப்படி காட்டுதது உண்மைதான், ஆனா இடம் எங்கயும் போகல. எட்சர் மாதிரி, பென்டிரைவ்ல சிஸ்டத்த ஏத்துத டூல்ல எழுதும்போது, ஐஎஸ்ஓங்கிற உபுண்டு ஃபைலுக்குள்ள இருக்க பார்ட்டிஷன் டேபிளே (இடத்த எப்படி பாகம் பிரிச்சிருக்குன்னு சொல்லுத பட்டியல்) அப்படியே பென்டிரைவ்ல எறங்கிருது, அதுல விண்டோஸுக்கு வாசிக்கத் தெரிஞ்ச சின்ன பார்ட்டிஷன் மட்டும் கண்ணுல படுது, அவ்வளவுதான்.

பாளையங்கோட்டைல எங்க தெரு பிள்ளைய ரெண்டு பேரு இத நம்பி நல்ல பென்டிரைவ குப்பைல போட்டுட்டாவ, மனசு கேக்கல, அதான் எழுதுதேன்.

நீங்களே பாத்துக்கிடலாம். ஸ்டார்ட் பட்டன ரைட் கிளிக் பண்ணி டிஸ்க் மேனேஜ்மெண்ட் தொறங்க, கீழ அந்த பென்டிரைவுக்கு நேரா முழு அளவும் நிக்கும், 28 இல்லன்னா 29 ஜிபின்னு (32ன்னு வித்தாலும் விண்டோஸ் கணக்குல அவ்வளவுதான் வரும்). திரும்ப எடுக்கணும்னா விண்டோஸ்லயே உள்ள டிஸ்க்பார்ட்ங்கிற (diskpart) கமாண்ட் டூல அட்மினா ஓட்டி லிஸ்ட் டிஸ்க்னு (list disk) குடுங்க, அளவ வச்சு பென்டிரைவ் நம்பர கண்டுபிடிச்சு செலக்ட் பண்ணி (select disk, கூட அந்த நம்பர்) கிளீன்னு (clean) குடுங்க, பழைய பார்ட்டிஷன் எல்லாம் அழிஞ்சிரும், பொறவு டிஸ்க் மேனேஜ்மெண்ட்லயே புது வால்யூம் போட்டு ஃபார்மேட் பண்ணிக்கிடலாம். கிளீன் குடுக்கதுக்கு முன்னால நம்பர ரெண்டு தடவ பாத்துக்கிடுங்க, மாத்திக் குடுத்தா ஹார்ட்டிஸ்க்ல உள்ளது போயிரும்.