தொடவே கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில், பள்ளிகள் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்துவதையும் தனியறையில் அடைப்பதையும் கட்டுப்படுத்தும் 2021 சட்டத்தால் "ஆசிரியர் பிள்ளையைத் தொட்டாலே குற்றம், இனி அடிதடியைக்கூடத் தடுக்க முடியாது" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். தவறு, அண்ணா. அந்தப் பிள்ளைக்கோ பிறருக்கோ உடனடி ஆபத்து வந்து, மற்ற வழி எதுவும் பலிக்காதபோது, பயிற்சி பெற்ற ஊழியர் பிடித்து நிறுத்தலாம். தண்டனையாகச் செய்யக்கூடாது, அவ்வளவுதான். பெற்றோருக்கு அன்றைக்கே சொல்ல முயல வேண்டும். 'டைம் அவுட்'டும், அதாவது பிள்ளையைச் சற்று நேரம் மற்றவர்களிடமிருந்து விலக்கி வைப்பதும், ஒழிந்துவிடவில்லை. ஆனால் அறையைப் பூட்டக் கூடாது.

இது ஏன் வந்தது என்பதையும் பாருங்கள். 2019 நவம்பரில் சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழும் ப்ரோபப்ளிகா என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனமும் இல்லினாய்ஸ் பள்ளிகளின் பதிவேடுகளைப் புரட்டி எழுதின. 2017-18 கல்வியாண்டு தொடங்கி 2018 டிசம்பர் தொடக்கம் வரைக்குமே 20,000க்கு மேற்பட்ட முறை பிள்ளைகள் தனியறையில் அடைக்கப்பட்டிருந்தார்கள். பெரும்பாலும் மாற்றுத்திறன் குழந்தைகள். உள்ளே பிள்ளை அழுவதை, கதவைத் தட்டுவதை, வெளியே விடும்படி கெஞ்சுவதை ஊழியர்கள் வெளியில் நின்று நேரம் போட்டுக் குறித்து வைத்திருக்கிறார்கள். எழுதக் கை வந்திருக்கிறது, திறக்க வரவில்லை. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொன்று: "அமெரிக்கா முழுக்க இதே சட்டம்" என்பதும் சரியல்ல. நாடு முழுவதற்கும் இப்படியொரு விதி கொண்டுவர, 2010ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறிய மசோதா, மேலவையான செனட்டைத் தாண்டவில்லை. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு.