முதல் நாளில் ஒட்டப்படும் நோய்ப்பெயரைச் செவிலியர் ஏன் அப்படியே நம்பிவிடக் கூடாது

யாரும் எதிர்பாராத நோய் ஒன்று நோயாளியிடம் கண்டுபிடிக்கப்பட்டதும் வார்டில் எழும் முதல் பேச்சு, "இத்தனை நாளும் இது எப்படி யார் கண்ணிலும் படாமல் போனது?" என்பதுதான். ஒரு செவிலியராக எனக்கு அந்தக் கேள்வியிலேயே உடன்பாடு இல்லை. கேஸ் ஷீட்டைப் பின்னோக்கிப் புரட்டிப் பாருங்கள்: "உணவை மறுக்கிறார்", "இரவில் உடுப்பு நனையும்படி வியர்த்தது", "கூப்பிட்டால் தாமதமாகப் பதில் சொல்கிறார்" என்று செவிலியர் குறிப்பின் ஏதோ ஒரு மூலையில் அந்த நோயின் தடயம் பெரும்பாலும் பதிவாகியே இருக்கும். பார்த்தவர் ஒருவர், முடிவெடுப்பவர் வேறொருவர்; இருவருக்கும் இடையிலான வழிதான் அடைபட்டுக் கிடக்கிறது.

அதை அடைப்பது பல நேரங்களில் முதல் நாளில் ஒட்டப்பட்ட நோய்ப்பெயர். நோயாளியைச் சேர்க்கும் அவசரத்தில், அப்போது கையில் கிடைத்த தகவலை வைத்து ஒரு மருத்துவர் எழுதும் தற்காலிக முடிவு அது. அவரேகூட அதன் அருகில் ஒரு கேள்விக்குறியைப் போட்டிருப்பார். ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் வாய்மொழியாகக் கைமாறும்போது அந்தக் கேள்விக்குறி உதிர்ந்துவிடுகிறது. மூன்றாவது ஷிஃப்டில் அந்த மனிதர் "பதற்றக்காரர்", "குடிப்பவர்", "எதற்கெடுத்தாலும் பெல் அடிப்பவர்" என்று ஆகிவிடுகிறார். அதன் பிறகு அவருடைய உடல் எதைக் காட்டினாலும் அது அந்தப் பெயருக்குள்ளேயே திணிக்கப்படுகிறது. குடிப்பவர் என்று பெயர் வாங்கியவர் தள்ளாடினால், மண்டை ஓட்டுக்குள் மெல்லக் கசியும் இரத்தத்தைப் பற்றியோ, வைட்டமின் பி1 தீர்ந்துபோன மூளையைப் பற்றியோ யாருக்கும் எண்ணம் ஓடுவதில்லை. அதே பி1 குறைபாடு, ஒரு சொட்டு மதுவையும் தொடாமல் வாரக்கணக்கில் வாந்தியெடுக்கும் கர்ப்பிணிக்கும் வரக்கூடியது.

பதற்றம் என்ற பெயரைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியிலோ அதைச் சார்ந்த நரம்புத் திசுக்களிலோ வளரும் ஒருவகைக் கட்டி, அட்ரினலின் போன்ற ஹார்மோன்களைத் திடீர் திடீரென்று இரத்தத்தில் கொட்டும். தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து வந்து, சிறிது நேரத்தில் தாமாகவே அடங்கும். மருத்துவர் ரவுண்ட்ஸ் வரும் வேளையில் இரத்த அழுத்தம் இயல்பாக இருந்துவிட்டால், பீதியால் வந்த படபடப்பு என்றே அது தோன்றும். மிக அரிதாக இக்கட்டி சிறுநீர்ப்பையின் சுவரிலேயே இருக்கும். அப்போது சிறுநீர் கழிக்கும்போதோ கழித்து முடித்த உடனேயோ தலைவலியும் படபடப்பும் வந்து, அழுத்தம் எகிறும். இந்தத் தொடர்பைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு யாருக்கு அதிகம்? ரவுண்ட்ஸ் வருபவருக்கு அல்ல, அந்த நோயாளியைக் கழிப்பறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து படுக்கவைப்பவருக்குத்தான்.

அடிசன் நோயும் அப்படித்தான். அட்ரினல் சுரப்பி மெல்லச் செயலிழக்கும் இந்நோயாளிகள் எடை குறைந்து, சோர்ந்து, குமட்டலோடு வருவதால், வயிற்றுக் கோளாறு என்றும் மனச்சோர்வு என்றும் மாதக்கணக்கில் சிகிச்சை பெறுவதுண்டு. துப்பு தோலில் இருக்கும்: உள்ளங்கை ரேகைகளிலும் ஈறுகளிலும் அண்மையில் ஏற்பட்ட தழும்புகளிலும் புதிதாகப் படரும் கருமை. எழுந்து நின்றால் அழுத்தம் சரியும். இரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கும். இயல்பிலேயே ஈறு கறுத்தவர்கள் பலர் இருப்பதால், "முன்பு இப்படி இல்லை" என்று நோயாளியோ வீட்டாரோ சொல்லும் சொல்லே முக்கியமாகிறது. வாயைச் சுத்தம் செய்பவருக்கும் ஊசி ஏற்றக் கையை விரித்துப் பிடிப்பவருக்கும்தான் அந்தச் சொல் வந்து சேரும். உடம்பு துடைப்பதையும் வாய் கழுவுவதையும் "சாதாரண வேலை" என்று உதவியாளர்களிடமும் உறவினர்களிடமும் ஒப்படைத்துவிட்டுச் செவிலியரைக் கணினியின் முன் உட்காரவைக்கும் நிர்வாகங்கள், எதை இழக்கிறோம் என்று அறியாமலே இழக்கின்றன என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு பெயரும் உண்டு: "தொந்தரவு இல்லாத நோயாளி." வயதானவர் ஒருவர் சத்தமின்றிப் படுத்துக் கிடந்தால் களைத்த செவிலியருக்கு அது நிம்மதி. ஆனால் கிருமி இரத்தத்தில் பரவும்போதும், சிறுநீர் அடைபடும்போதும், முதியவர்களிடம் சில சமயம் முதலில் மாறுவது காய்ச்சல் அளவு அல்ல, மனத்தெளிவுதான். அந்தக் குழப்பம் கூச்சலாக அல்லாமல் அமைதியாகவே வருவதுண்டு. நாடித்துடிப்பு, மூச்சு போன்ற ஒவ்வோர் அளவீட்டுக்கும் மதிப்பெண் இட்டு, நோயாளி மோசமாவதை முன்கூட்டியே காட்டும் தேசிய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையைப் பிரிட்டனின் மருத்துவர் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் வெளியிட்டது; 2017-இல் அதைத் திருத்தியபோது, புதிதாகத் தோன்றும் குழப்பத்துக்கும் 3 மதிப்பெண் அளித்தது. ஒரே அளவீட்டில் 3 வந்தாலே நோயாளியை அவசரமாக மதிப்பிட வேண்டும் என்பது அதன் விதி. புதிது என்று சொல்ல நேற்றும் அவரோடு பேசிய ஒருவர் வேண்டும்.

செவிலியர் கண்டதை நம்பினால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் ஓய்வுபெற்ற செவிலியர் ஜாய் மில்ன் ஓர் எடுத்துக்காட்டு. தம் கணவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவருடைய உடல்மணம் மாறியதை இவர் உணர்ந்திருந்தார். பின்னாளில் பார்க்கின்சன் நோயாளிகள் கூடும் இடத்தில் அதே மணம் வீசவே, எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர் டிலோ குனாத்திடம் அதைப் பற்றிக் கேட்டார். அந்தக் கேள்வி உடனே எடுத்துக்கொள்ளப்படவில்லை. பிறகு நடந்த சோதனையில், அணிந்து கழற்றிய 12 சட்டைகளை முகர்ந்து, 6 நோயாளிகளின் சட்டைகளையும் சரியாகச் சொன்னார். நலமாக இருந்தவர்களில் ஒருவருடைய சட்டையையும் சேர்த்துச் சொன்னதுதான் பிழை என்று கருதப்பட்டது. சில மாதங்களில் அந்த மனிதருக்கும் பார்க்கின்சன் உறுதியானது.

நோயறிவது செவிலியரின் பணி அல்ல என்ற மறுப்பு எப்போதும் வரும். பெயர் சூட்டுவது மருத்துவரின் பொறுப்பு என்பதை நானும் ஏற்கிறேன். உள்ளுணர்வு என்று நாம் சொல்வதில் பாதி சோர்வாகவும் இருக்கலாம். ஆகவே இரவு 2 மணிக்கு மருத்துவரை எழுப்பும்போது "எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை" என்று நிறுத்திக்கொள்ளாமல், எந்த வேளையில், எதைச் செய்தபோது, எந்த அளவு எவ்வளவு மாறியது என்று சொல்ல வேண்டும். அந்தத் தரவை அவரால் ஒதுக்குவது கடினம். ஒதுக்கினால், அடுத்த மூத்த மருத்துவரை அழைக்கும் உரிமை எழுத்திலேயே இருக்க வேண்டும். அழைத்த செவிலியர் மறுநாள் கடிந்துகொள்ளப்படவும் கூடாது.

பணி ஒப்படைப்புப் படிவத்தில் முதல் வரி இன்று நோயின் பெயராக இருக்கிறது. அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, "முந்தைய ஷிஃப்டைவிட மாறியது எது? இந்த நோய்ப்பெயருக்குப் பொருந்தாதது எது?" என்ற இரு கேள்விகளை மேலே அச்சிட்டால் போதும். கூடுதல் செலவு எதுவும் இல்லை. காலை ரவுண்ட்ஸில் கேஸ் ஷீட்டைத் திறப்பதற்கு முன் அந்த இரண்டு பதில்களையும் மருத்துவர் காதுகொடுத்துக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.