கொடியில் காயும் சேலைக்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

போன வருடம் மார்ச்சில் எங்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. கூடவே ஒரு கலர் போட்டோ. போட்டோவில் இருந்தது அம்மாவின் நீலச் சுங்குடிச் சேலை. பின்பக்கம் வேலிக்கும் முருங்கைக்கும் நடுவில் நான் கட்டிக்கொடுத்த நைலான் கயிற்றில் காய்ந்துகொண்டிருந்தது. எடுத்த தேதியும் நேரமும் மூலையில் பதிவாகியிருந்தன. வெளியே தெரியும்படி துணி காயப்போடுவது குடியிருப்பு விதிக்கு விரோதம், 14 நாளில் அகற்றாவிட்டால் அபராதம் என்று எழுதியிருந்தார்கள்.

நாங்கள் இருப்பது ஃபுளோரிடாவில், டாம்பாவுக்கு வடக்கே. வீடு வாங்கி 9 வருடம் ஆகிறது. இங்கே புதிய குடியிருப்புகளில் வீடு வாங்கினாலே ஹெச்ஓஏ என்னும் வீட்டுக்காரர் சங்கத்தில் உறுப்பினர் ஆகிவிடுவோம். கையெழுத்துப் போடும் அன்றைக்கு ஒரு தடித்த விதிப்புத்தகம் தருவார்கள். புல் எவ்வளவு உயரம், சுவருக்கு என்ன நிறம், குப்பைத்தொட்டியை எங்கே வைக்கலாம் என்று எல்லாம் அதில் இருக்கும். வீடு வாங்கிய சந்தோஷத்தில் யாரும் முழுசாகப் படிப்பதில்லை. நானும் படிக்கவில்லை.

அம்மா ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்தார். போட்டோவைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இது என் சேலைல்ல?" என்றார். அப்புறம் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை கராஜ் பக்கம் போனால், ஏணியின் மேலும் பழைய நாற்காலிகளின் மேலும் ஈரத்துணியைப் பரப்பி வைத்திருக்கிறார். கதவு சாத்தியிருந்தது. காற்றே இல்லை, துணியெல்லாம் ஈரவாடை. ஏன்மா என்றால், "உனக்கு எதுக்குடி வம்பு, நான் ஊருக்குப் போற வரைக்கும் இப்படியே காயட்டும்" என்றார். அறுபது வருடமாக வெயிலில் துணி உலர்த்திய ஒரு மனுஷி, தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்துக் கராஜுக்குள் ஒளித்துக் காயப்போட்டார். அதை என்னால் தாங்க முடியவில்லை. அன்று ராத்திரிதான் உட்கார்ந்து சட்டத்தைத் தேடினேன்.

தேடினால், ஃபுளோரிடாவில் 1980-லிருந்தே இதற்குச் சட்டம் இருக்கிறது. பிரிவு 163.04. சோலார் தகடுகள், துணிக்கொடி, புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் இயங்கும் மற்ற சாதனங்கள் எதையும் நகராட்சியும் தடுக்கக்கூடாது, பத்திரத்தில் எழுதிய நிபந்தனைகளாலும் தடுக்கக்கூடாது. துணிக்கொடி என்று அந்த வார்த்தையே சட்டத்தில் இருக்கிறது. வழக்கு என்று போனால் தோற்றவர்தான் ஜெயித்தவரின் வக்கீல் செலவையும் கொடுக்க வேண்டும். இதை ஒரே பக்கத்தில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து, புகார் முடித்துவைக்கப்பட்டது என்று ஒரு வரியில் பதில் வந்தது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை.

இந்தச் சட்டம் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கடிதம் வந்த உடனே கொடியை அவிழ்த்தவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று குடும்பம். இன்னொரு குடும்பத்தைச் சோலாரை வடக்குப் பக்கக் கூரையில் போடச் சொன்னார்கள், தெருவிலிருந்து பார்த்தால் தெரியக்கூடாதாம். இங்கே வடக்குக் கூரையில் போட்டால் நிறைய வெயில் வீண். அதே சட்டம் சொல்வது, சங்கம் இடத்தைச் சொல்லலாம், ஆனால் அது நேர் தெற்கிலிருந்து இருபுறமும் 45 பாகைக்குள் இருக்க வேண்டும், தகட்டின் வேலையும் கெடக்கூடாது. பாவம், அவர்கள் திட்டத்தையே கைவிட்டுவிட்டார்கள்.

இதே மாநிலத்தில் மயாமி ஷோர்ஸ் என்ற சின்ன ஊரில் நடந்ததை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஹெர்மீன் ரிக்கெட்ஸ், டாம் கேரல் என்று ஒரு தம்பதி. வீட்டு முன்புறம் 17 வருடமாகக் காய்கறி போட்டு வந்தார்கள். கேல், பாக் சோய் என்று அவர்கள் சாப்பாட்டுக்கு வேண்டிய கீரையெல்லாம் அங்கேதான். பின்பக்கத்தில் போதுமான வெயில் விழாது, முன்பக்கம்தான் விழும். செடி வளர்த்த எவருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 2013-ல் ஊர் நிர்வாகம் விதியைத் திருத்தியது, காய்கறி பின்பக்கத்தில் மட்டும்தான் இருக்கலாம் என்று. மீறினால் நாளுக்கு 50 டாலர் அபராதம். மாதக் கணக்குப் போட்டால் 1,500 டாலர், யாரால் கட்ட முடியும்? தங்கள் கையாலேயே பிடுங்கிப் போட்டார்கள்.

முன்புறத்தில் பூச்செடி வைக்கலாம், பழமரம் வைக்கலாம், பிளாஸ்டிக் கொக்கு பொம்மைகூட வைக்கலாம். கீரை மட்டும் கூடாது. அதே மண், அதே தண்ணீர், அதே உயரம். பறித்துச் சமைக்கலாம் என்பது ஒன்றுதான் வித்தியாசம். அந்த ஒரு காரணத்துக்காக ஒரு செடி அசிங்கமாகிவிடுமா?

அவர்கள் வழக்குப் போட்டார்கள். 2016-ல் விசாரணை நீதிமன்றத்தில் தோல்வி. 2017-ல் மேல்முறையீட்டிலும் தோல்வி. மாநில உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்தது. சட்டப்படி அத்தோடு கதை முடிந்தது. ஆனால் அவர்கள் விடவில்லை, விஷயம் சட்டமன்றத்துக்குப் போனது. 2019 ஜூலை 1 முதல், குடியிருப்பு மனையில் காய்கறித் தோட்டம் போடுவதை எந்த உள்ளாட்சியும் தடுக்கக்கூடாது என்று சட்டம் அமலுக்கு வந்தது. அந்த மாதமே இருவரும் அதே இடத்தில் திரும்ப நட்டார்கள். நடுவில் ஆறு வருடம் போய்விட்டது. வயதான இரண்டு பேரின் ஆறு வருடத்தை யார் திருப்பித் தருவது?

ஆனால் ஒன்று. அந்த 2019 சட்டம் உள்ளாட்சியைத்தான் கட்டுப்படுத்தும், ஹெச்ஓஏவை அல்ல. நம் ஆட்கள் பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். ஹெச்ஓஏவுக்கு 2024-ல்தான் ஒரு கடிவாளம் வந்தது: தெருப்பக்கத்திலிருந்தோ பக்கத்து மனையிலிருந்தோ ஒட்டியுள்ள பொது இடத்திலிருந்தோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில் காய்கறித் தோட்டம், துணிக்கொடி எதையும் சங்கம் தடுக்க முடியாது. தெரிந்தால்? கொடிக்கு 1980 சட்டம் துணை இருக்கிறது. என் வெண்டைச் செடிக்கு அதுவும் கிடையாது. பின்பக்கக் குளத்தை ஒட்டி நடைபாதை போகிறது, அங்கிருந்து பார்த்தால் என் தோட்டம் முழுக்கத் தெரியும். இங்கே ஜூலை வெயிலில் தக்காளி நிற்காது. வெண்டையும் தண்டுக்கீரையும் காராமணியும்தான் நிற்கும். வெண்டை ஆள் உயரத்துக்கு மேல் போகும். அதை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

கட்டுப்பாடே கூடாது என்று நான் சொல்லவில்லை. கறிவேப்பிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் குடியிருக்கும். அதனால் இங்கிருந்து ஒரு கன்றை வேறு மாநிலத்துக்கு நினைத்தபடி கொண்டுபோக முடியாது. அந்த நோய் 2005-ல் ஃபுளோரிடாவில் கண்டுபிடிக்கப்பட்டது. 2003-04-ல் சுமார் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த மாநிலம் இது. 2024-25-ல் கிடைத்தது சுமார் 1.2 கோடிதான். புயல்களும் ஒரு காரணம், ஆனால் பெரிய அடி இந்த நோய். அட்லாண்டாவில் இருக்கும் என் தோழி ஒரு கன்று கேட்டபோது முடியாது என்று சொல்ல மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் கொடுக்கவில்லை. அந்த விதிக்குப் பின்னால் ஒருவருடைய தோப்பு இருக்கிறது, பிழைப்பு இருக்கிறது.

கேப் கோரல் ஊரில் ராபின் ஸ்பெரோனிஸ் என்ற பெண்மணியின் வழக்கையும் அப்படித்தான் பார்க்கிறேன். மின் இணைப்பு இல்லாமல், நகராட்சித் தண்ணீரும் வாங்காமல், மழைநீரையும் சோலாரையும் வைத்து வாழ்ந்தார். தொலைக்காட்சியில் செய்தி வந்ததும் குடியிருக்கத் தகுதியற்ற வீடு என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். 2014-ல் விசாரணையில் சில குற்றச்சாட்டுகள் தள்ளுபடியாகின, தண்ணீர் இணைப்பு விஷயத்தில் அவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. கட்டணம் கட்டாமல் நகராட்சிச் சாக்கடையைப் பயன்படுத்தினார் என்ற புகாரில் எனக்கு நியாயம் தெரிகிறது. கழிவுநீர் ஊருக்குப் பொது, அதில் ஒருவர் தனிவழி போக முடியாது. ஆனால் தன் கூரையில் விழும் மழையைச் சுத்தம் செய்து குடிப்பவரை, குழாய் இணைப்பு வாங்கியே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில் யாருக்கு என்ன பாதுகாப்பு?

கொலராடோ மாநிலத்தில் வீட்டுக் கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடிப்பதே பெரும்பாலானவர்களுக்கு 2016 வரை சட்டவிரோதம். அங்கே ஆற்றுத் தண்ணீரில் முதலில் உரிமை வாங்கியவருக்குத்தான் முதல் பங்கு. கூரையில் விழுவதும் ஆற்றுக்குப் போக வேண்டிய தண்ணீர் என்று கணக்கு. இப்போது இரண்டு பீப்பாய், மொத்தம் 110 கேலன் வரை அனுமதி, நம் கணக்கில் 416 லிட்டர். 2003-ல் ஜெயலலிதா அரசு வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி கட்டியே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டபோது, அப்பா கொத்தனாரைக் கூட்டிவந்து கூழாங்கல்லும் மணலும் கொட்டித் தொட்டி கட்டியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். மழையைப் பிடிப்பது ஓர் ஊரில் கடமை, இன்னோர் ஊரில் குற்றம்.

சங்கத்துக்காரர்கள் கடைசியில் எடுப்பது வீட்டு விலையைத்தான். ஒரு வீட்டில் கொடி தெரிந்தால் தெரு முழுக்க விலை இறங்கும் என்கிறார்கள். 2024 அக்டோபரில் மில்டன் புயல் அடித்தபோது எங்களுக்கு ஐந்து நாள் கரண்ட் இல்லை. அந்த ஐந்து நாளில் தெருவில் யாரும் விலையைப் பற்றிப் பேசவில்லை. ஃப்ரீசரில் இருந்ததெல்லாம் போச்சு. என் தோட்டத்துக் கீரையும் வெண்டையும்தான் நாலு வீட்டுக்குச் சாம்பாரும் பொரியலும் ஆனது. டிரையர் ஓடாததால் அத்தனை வீட்டிலும் கயிறு கட்டினார்கள், சங்கத் தலைவர் வீட்டிலும்தான். நான் போட்டோ எடுக்கவில்லை. சோலார் வைத்திருந்த வீட்டிலும் விளக்கு எரியவில்லை. பேட்டரி இல்லாத சோலார், லைன் போனதும் தானே அணைந்துவிடும், லைன்மேன் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அது நியாயமான விதி. பேட்டரி வைக்கலாம் என்று சங்கத்திடம் கேட்டவருக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

வருகிற செவ்வாய் மாலை 7 மணிக்கு எங்கள் சங்கக் கூட்டம். துணிக்கொடித் தடையை விதிப்புத்தகத்திலிருந்தே எடுக்க வேண்டும், பின்பக்கக் காய்கறிக்கு உயரக் கட்டுப்பாடு கூடாது என்று இரண்டு தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். விதியை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். இந்தக் குடியிருப்பில் நம் குடும்பங்கள் 11 இருக்கின்றன. வேலை இருக்கிறது, பிள்ளைக்கு நீச்சல் வகுப்பு இருக்கிறது என்று தயவுசெய்து இருந்துவிடாதீர்கள், வாருங்கள். வர முடியாதவர்கள் ஓட்டுரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுங்கள், நானே வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன்.

அம்மா டிசம்பரில் மறுபடி வருகிறார். நேற்று போனில், "கயிறு இன்னும் கட்டியிருக்கா?" என்று கேட்டார். கட்டியிருக்கிறது என்றேன்.