சில்லறை வணிகப் பட்டம் பில் போடக் கற்பதற்கா?

“மூன்று ஆண்டு படித்தாலும் கல்லாவில் பில் போடுவதைத்தான் சொல்லித் தருகிறார்கள்” என்று சில்லறை வணிகப் பட்டப்படிப்பைப் பற்றி ஒருவர் எழுதியிருப்பது தவறான எண்ணத்தைத் தரும். பல்கலைக்கழக மானியக் குழு 2014இல் தொடங்கிய பி.வோக் (தொழிற்கல்வி இளநிலைப் பட்டம்) திட்டத்தின்படி, சில்லறை வணிகம் உள்ளிட்ட படிப்புகளில் திறன் பயிற்சிக்கு 60 விழுக்காடும் பொதுக் கல்விக்கு 40 விழுக்காடும் ஒதுக்கப்படுகின்றன; ஓராண்டில் நிறுத்துபவருக்கு டிப்ளமோவும், இரண்டாம் ஆண்டில் நிறுத்துபவருக்கு உயர் டிப்ளமோவும் என அத்திட்டம் வகுத்தது.

பில் போடுவதை ஒரு வாரத்தில் கடையிலேயே கற்றுவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் ஆண்டுக்கு 24 லட்சம் ரூபாய் அடக்கவிலைச் சரக்கு விற்கும் கடையில் சராசரி இருப்பு 4 லட்சம் என்றால், சரக்கு ஆறு முறை சுழல்கிறது, அதாவது போட்ட பணம் ஏறத்தாழ இரண்டு மாதம் அலமாரியில் முடங்கிக் கிடக்கிறது என்று கணக்கிட்டு, எந்தப் பொருளைக் குறைத்து வாங்குவது என முடிவெடுக்கும் பயிற்சி கல்லாவில் நின்றால் மட்டும் வந்துவிடாது. (எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சிக்கு இது மனக்கணக்கு, அவர் முப்பது ஆண்டு எடுத்துக்கொண்டார்.)

பட்டதாரியும் முதலில் விற்பனைத் தளத்தில்தான் நிற்க வேண்டியிருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. சேருமுன் அந்தக் கல்லூரியில் கடைப்பயிற்சி எத்தனை மாதம், அதற்கு உதவித்தொகை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.