பாலையா வெறும் காமெடியன் இல்லை

நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் டி.எஸ். பாலையாவை 'நகைச்சுவை நடிகர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள், மனசு கேட்கவில்லை. 1936இல் 'சதிலீலாவதி'யில் எம்.ஜி.ஆரோடு சேர்ந்து அறிமுகமானவர். அடுத்து ரொம்ப வருஷம் ஜனங்கள் திட்டித் தீர்த்த வில்லன். 'தூக்கு தூக்கி'யில் அந்த சேட்டு வேஷத்தை யாரால் மறக்க முடியும்?

'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியை இன்னொரு தடவை பாருங்கள். எல்லாரும் நாகேஷைத்தான் புகழ்கிறோம். ஆனால் கதை நகர நகர பாலையா முகத்தில் பயம் ஏறுகிறதே, அதுதானய்யா அந்தக் காட்சியைத் தூக்கி நிறுத்துகிறது! எதிரில் இருப்பவரை ஜொலிக்க விட்டு, தானும் ஜெயிப்பது லேசுப்பட்ட வேலையா? 'திருவிளையாடல்' படத்தில் சபை நடுவே கர்வமாக 'ஒருநாள் போதுமா' பாடிய ஹேமநாத பாகவதராக வந்து, விறகுவெட்டியின் பாட்டைக் கேட்டு ஆடிப்போவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது, அந்தத் திமிர் முழுக்க பாலையாவுடையது. 'தில்லானா மோகனாம்பாள்' தவில்காரரைப் பற்றி எழுத இங்கே இடம் போதாது.

1972இல் போய்விட்டார். அவருக்கென்று தனிக் கட்டுரை ஒன்று போடுங்கள், ப்ளீஸ். வில்லன் காலத்திலிருந்தே ஆரம்பியுங்கள்.